இரண்டு வீட்டிலும் எழுதாத பிள்ளை

தம்பி,

நீ கேட்ட பிறப்புச் சான்றிதழ் என்னிடம்தான் இருக்கிறது. "தேடிக்கிட்டு இருக்கேன்பா, எங்க வச்சேன்னு தெரியல" என்று போனில் சொன்னதெல்லாம் சும்மா. அலமாரியில் பட்டுச்சேலைகளுக்கு அடியில், எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. நீ ஒவ்வொரு முறையும் பொறுமையாக, "அசல்தான் வேணும்மா, போட்டோஸ்டாட் எடுத்துக்க மாட்டாங்க" என்று சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிள்ளான் நீதிமன்றத்தில் தலை நரைக்கும்வரை மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தவளுக்கு அசல் எது நகல் எது என்று பாடம் நடத்துகிறான் பார் என்று திட்டிக்கொண்டே போனை வைத்துவிடுவேன். இந்தக் காகிதம் உன் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே இருக்கும் நம் தூதரகத்துக்குப் போவாய். ஐசி என்கிற அடையாள அட்டையையும் பாஸ்போர்ட்டையும் மேசைமேல் வைப்பாய். இனி நான் மலேசியக் குடிமகன் இல்லை என்று கையெழுத்துப் போடுவாய். ஜெர்மன் குடியுரிமையை எடுத்தால் இதை விட்டுத்தான் ஆக வேண்டும், இரண்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டத்தில் இடமில்லை. எல்லாம் தெரிந்தும் எனக்குக் கை வரவில்லை.

போனில் பேச்சைத் தொடங்கினால் நான் அழுவேன், நீ "லைன் சரியில்லம்மா, அப்புறம் கூப்புடுறேன்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். அனுப்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. உன் மாமாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறவரை முடிவு செய்யப்போவதும் இல்லை.

பிச்சை மாமா பிறந்த கதை உனக்குப் புதிதல்ல. ஆனால் நீ அதைக் கேட்டது அவன் வாயால். அவன் எதையும் சிரிப்பாகத்தான் சொல்வான். மூக்கில் இருந்த ஓட்டையைக் காட்டி, "உங்க மாமா சின்ன வயசுல சினிமா ஹீரோயினா இருந்தேன்டா" என்று உன்னைச் சிரிக்க வைப்பான். நான் சொன்னால் அப்படி இருக்காது. தெலுக் பங்லிமா காராங் பக்கம் அப்போது தொழிற்சாலை ஒன்றும் கிடையாது, எங்கள் தோட்டமும் தொழிலாளர் குடியிருந்த லயமும்தான். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டும் தவழ்வதற்கு முன்னாலேயே போய்விட்டன. மூன்றாவதாக இவன் பிறந்தபோது அம்மாவுக்குப் பயம் தலைக்கேறிவிட்டது. பிள்ளையை முறத்தில் வைத்து வாசலுக்கு வெளியே கிடத்தினாள். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா வந்து, கேட்பாரற்ற பிள்ளை என்று எடுத்துக்கொண்டு போனாள். பிறகு அம்மா அவள் வீட்டு வாசலில் போய் நின்று, ஒரு படி தவிட்டைக் கொடுத்து அதை வாங்கி வந்தாள். பிச்சை என்று பெயர் வைத்து மூக்கும் குத்திவிட்டாள். பிள்ளை எங்களுடையது இல்லை, தவிட்டுக்கு வாங்கியது. நல்ல பெயர்கூட இல்லாதது. இதைப் போய் எமன் எதற்குத் தூக்கப்போகிறான்? இதுதான் கணக்கு. நம் ஆட்கள் வீட்டுக்கு வீடு செய்ததுதான்.

ஆனால் எங்கள் அம்மா ஒரு படி மேலே போனாள். யார் வீட்டில் என்ன குழந்தை பிறந்தது என்று எழுதிக்கொண்டு போகத் தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி வந்தார். அம்மா கும்பிட்டுவிட்டு, "அது எங்க புள்ள இல்லீங்க, பக்கத்து வீட்டுது" என்றாள். எழுதினால் எமன் கண்ணில் பட்டுவிடும் என்று அவளுக்கு நிச்சயம். கிராணி பக்கத்து வீட்டில் கேட்டார். அஞ்சலை அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். "நாங்க வித்துட்டோமுங்க" என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு இரண்டு வீட்டிலும் எழுதாமல் போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேண்டுதல் முடிந்து மூக்குத்தியைக் கழற்றுவதற்குள் அந்தக் கிராணி மாற்றலாகிப் போயிருந்தார். அதற்கப்புறம் அப்பா அலையாத இடமில்லை. மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் வாங்கியதற்குப் பிறகு இந்த மண்ணில் பிறந்தவன். எழுதியிருந்தால் எனக்கு வந்தது போல் குடிமகனுக்குரிய நீலக் கார்டு தானாக வந்திருக்கும். அவனுக்குச் சிவப்புக் கார்டுதான் கிடைத்தது. தங்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் இல்லை. வேறு எந்த நாட்டுக்காரனும் இல்லை.

உன் அப்பா இறந்துபோனபோது நீ முதலாம் வகுப்பு. அன்றைக்கு ஒரு துணிப்பையோடு நம் வீட்டுக்கு வந்தவன்தான் மாமா, பிறகு போகவே இல்லை. கிள்ளானில் லாரிப் பட்டறையில் வேலை முடித்து, கிரீஸ் கையோடு பிரிக்பீல்ட்ஸ்வரை மோட்டார்சைக்கிளில் வந்து, உன்னை டியூஷனிலிருந்து அழைத்துக்கொண்டு வருவான். பெண் கொடுக்க வந்தவர்கள் கார்டின் நிறத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவன் நண்பர்கள் வருடா வருடம் தாய்லாந்தில் இருக்கும் ஹாட்யாய்க்குப் போவார்கள், இவன் எல்லைவரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வருவான். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு என் கையெழுத்தே தேய்ந்துபோனது. நேர்காணலுக்கு நானும் கூடப் போவேன். ஒருமுறை ஓர் அதிகாரி, நல்ல மனிதர், எங்கள் இரண்டு பேர் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே தோட்டம். அக்கா சிட்டிசன், தம்பி இல்ல. எப்படி?" என்று மலாயில் கேட்டார். நான் தவிட்டுக் கதையைச் சொன்னேன். தண்டனைக்குப் போகிறவனின் ஒவ்வொரு சொல்லையும் பிசகாமல் மாற்றிச் சொல்லிப் பழகிய வாய். அன்றைக்கு என் சொந்தத் தம்பிக்காக ஒரு வாக்கியத்தைக்கூட உருப்படியாகச் சொல்ல வரவில்லை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இத நான் எந்த எடத்துல எழுத, அக்கா?" என்றார். பாவம், அவருக்கு அதை எழுத இடமில்லை.

வெளியே வந்ததும் நான் அம்மாவைத் திட்டத் தொடங்கிவிட்டேன். செத்தவளை அப்படித் திட்டக்கூடாது, திட்டினேன். அவன்தான் தடுத்தான். "விடுக்கா. உசுரோட இருக்கேன்ல? அம்மா உசுரக் குடுத்துட்டா. கார்டு இவனுங்கதான் குடுக்கணும்" என்றான். பிறகு, "பசிக்குது, வாழையெல சாப்பாடு சாப்பிடலாம் வா" என்றான்.

நீ ஜெர்மனிக்குப் படிக்கப் போனபோது என்னைக் கேட்டவர்களிடம் எல்லாம், "யூதர்களப் பத்திப் படிக்கிறான்" என்று சொல்லி அலுத்துப்போனேன். "ஏன் ஆன்டி, நம்மளப் பத்திப் படிக்க ஒண்ணும் இல்லையா?" என்று கீழ்வீட்டுப் பெண் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான். அப்புறம் நீ ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் போனில் சொல்ல ஆரம்பித்தாய். சில நூறு வருடத்துக்கு முன்னால், ஒரு நாளில் நடந்தே கடந்துவிடக்கூடிய ஒரு குட்டி சமஸ்தானம். அதில் இத்தனை யூதக் குடும்பம்தான் இருக்கலாம் என்று பிரபு ஒரு கணக்கு வைத்திருந்தார். அவர் கொடுக்கும் பாதுகாப்புக் கடிதம் இருந்தால் தங்கலாம். அப்பன் செத்தால் ஒரே ஒரு மகனுக்குத்தான் அந்த இடம். மற்றவன் ஊரைவிட்டுப் போக வேண்டும். அந்த மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்றெல்லாம் அந்தக் காகிதக் கட்டுகளில் இல்லை என்றாய். வரி கட்டினால், யாராவது புகார் கொடுத்தால், துரத்தப்பட்டால், அப்போதுதான் பெயர் வருமாம். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. நம் தோட்டத்து ஆட்களின் பெயரை நான் எழுத்தில் பார்த்ததும் நீதிமன்றக் குற்றப் பத்திரிகையில்தானே.

மாமாவுக்கு விளங்கியது வேறொரு நாளில். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நீ சத்தமாக, "மாமா, உங்கள மாதிரியே ஒருத்தன் கெடச்சிருக்கான்!" என்றாய்.

"யாருடா அவன்? என்னை மாதிரின்னா ஹேன்சமா இருப்பானே லா."

"அவன் பேரே கிழவன் மாமா. பொறந்தப்பவே அந்தப் பேரு."

அந்தச் சமஸ்தானத்தில் ஒரு யூத விதவை கொடுத்த மனுவைப் படித்துக் காட்டினாய். அவளுக்கும் முதல் பிள்ளைக்குப் பின் இரண்டு பிள்ளைகள் செத்துவிட்டன. அடுத்தவன் பிறந்ததும் நாத்தனாருக்கு ஒரு செப்புக்காசுக்கு விற்றுவிட்டாள். பெயரையும் கிழவன் என்று வைத்துவிட்டாள். சாவின் தூதன் வந்து பார்த்தால், இங்கே பிள்ளை இல்லை, கிழவன்தான் என்று போய்விடுவானாம். கணக்கெடுக்க வந்தவர்களிடம் இவள் அவன் என் பிள்ளை இல்லை என்றாள், நாத்தனார் நான் பெறவில்லை என்றாள். இரண்டு வீட்டிலும் எழுதவில்லை. அவன் வளர்ந்து ஆளானதும், யார் நீ, எந்தக் கடிதத்தின் கீழ் இங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். அம்மாக்காரி போய் அழுது எல்லாவற்றையும் சொன்னாள். எழுத்தர் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாராம்: பணம் கட்டாமல் தப்பிக்கப் பார்க்கிறாள், பொய்.

மாமா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். "பாவிப் பயலுங்க" என்றான். "அந்தம்மா நெசத்தத்தான்டா சொல்லுது." பிறகு, "அப்புறம் அவன் எங்கடா போனான்?" என்று கேட்டான்.

உனக்குத் தெரியவில்லை. வெளியேறச் சொல்லி ஓர் உத்தரவு, அதோடு கட்டு முடிந்துவிட்டது என்றாய். அன்றிலிருந்து நீ எப்போது கூப்பிட்டாலும் அவன் முதல் கேள்வி அதுதான். சாப்பிட்டாயா, குளிருதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். "நம்ம ஆளு கெடச்சானா?" உனக்கு எரிச்சல் வரும், எனக்குத் தெரியும். ஆனாலும் நீ தேடினாய். கடைசியில் எல்லையில் இருந்த சுங்கச்சாவடிக் கணக்கில் ஒரு வரி கிடைத்தது. அந்தக் காலத்தில் யூதர்கள் எல்லை தாண்டினால் ஆளுக்கு வரி. பிணத்துக்கும் வரி. "ஒரு யூதனின் சடலம், மாட்டுவண்டியில், இடுகாட்டுக்கு" என்று எழுதி வசூல் செய்திருந்தார்கள். பெயர் இல்லை. அந்தப் பக்கத்து யூதர்களின் இடுகாடு அந்தச் சமஸ்தானத்துக்குள்ளேதான் இருந்தது என்றாய். அவனாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். "நிரூபிக்க முடியாது மாமா" என்றாய்.

"நிரூபிக்க முடியாட்டி போ. அவன்தான். அம்மாகிட்ட வந்துட்டான்" என்றான் அவன். அன்று முழுக்க அவனுக்கு ஒரே சந்தோஷம்.

இனி எழுதப்போவதை நாம் இரண்டு பேரும் பேசியதே இல்லை. மாமா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரம், உன் பழைய தங்கும் அனுமதி முடிந்திருந்தது, புதியது கைக்கு வரவில்லை. அங்கிருந்து கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், வேலையும் போய்விடும் என்றாய். "என்னம்மா பண்றது, சொல்லு, நீ சொன்னா வந்துர்றேன்" என்று கேட்டாய். என் வாய் "வேணாம்பா, இரு" என்று சொன்னது. மனசு வா வா என்று கத்தியது. நீ என் வாயைக் கேட்டாய். பிள்ளை இல்லாதவன், அக்காள் மகன் கொள்ளி வைப்பான் என்று அவனும் நம்பியிருந்தான், நானும் நம்பியிருந்தேன். சுடுகாட்டில் பண்டாரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொள்ளி போட ஆம்பள யாரும்மா?" என்றார். பட்டறை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, அழுதுகொண்டு நின்றார், அவருடைய பையன் போனைத் தூக்கிப் பிடித்து உனக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நான், "யாரும் இல்லீங்க, நான்தான். நடத்துங்க" என்றேன். அவர் தயங்கினார். "என் தம்பிய நான்தான் வளத்தேன், நான்தான் அனுப்புவேன்" என்று கத்திவிட்டேன். என் கைதான் வைத்தது. போனுக்குள் நீ முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கியதைப் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு உன்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, தம்பி. ஆத்திரம்தான் வந்தது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துமலைப் படி ஏறியவன். ஒரு தடவை நேரில் வந்து அவன் முகத்தைப் பார்க்கக்கூட உன்னால் முடியவில்லையே.

இறப்புச் சான்றிதழ் வாங்கவும் நான்தான் போனேன். குடிமகன் அல்லாதவர் என்று அச்சாகி வந்தது. எந்த எமனுக்குப் பயந்து அம்மா மறைத்தாளோ, அவன் கார்டையும் கேட்கவில்லை, பெயரையும் கேட்கவில்லை. அந்தக் காகிதத்தை மடித்து உன் பிறப்புச் சான்றிதழுக்கு மேலேயே வைத்தேன். அதற்கப்புறம்தான் நீ போனில் சொன்னாய், "இனிமே இப்படி மாட்டிக்க முடியாதும்மா. குடியுரிமை எடுத்துட்டா யாரும் என்னப் போகாத, வராதன்னு சொல்ல முடியாது." என் தம்பி பிறந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டுக் கிடைக்காத ஒன்றை, உனக்குக் கேட்காமலே கிடைத்ததை, நீயாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறாய். அன்று உன்னிடம் "சரிப்பா" என்றுதான் சொன்னேன். போனை வைத்துவிட்டு மாமாவின் கட்டிலில் போய் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

இதை எழுதத் தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. எழுத எழுதக் கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, ஆனால் அது யார்மேல் என்பதுதான் குழம்பிவிட்டது. நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கைக்கு வராத ஒரு காகிதம் உன்னை அங்கே கட்டிப்போட்டது. இல்லாத ஒரு காகிதம் அவனை இங்கே கட்டிப்போட்டது. அவன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். "குடுத்துரு அக்கா. பையன் எங்க நின்னாலும் எவனும் கேள்வி கேக்காம இருக்கட்டும்" என்றிருப்பான். அவன் பெருந்தன்மைக்காரன். நான் அப்படி இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், ஆனால் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற சாதாரணப் பொம்பளை.

அம்மா என்கிற உரிமையில் சிலதைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாடு உன்னை ஏற்றுக்கொண்டால் நன்றி சொல், ஆனால் வாழ்நாள் முழுக்கக் குனிந்து நின்று சொல்லிக்கொண்டே இருக்காதே. நீ உழைத்து வரி கட்டியிருக்கிறாய். உன் புத்தகத்தை எழுதும்போது அந்த விதவையின் மனுவையும் ஓரத்துக் குறிப்பையும் சமமாக வைத்து, இருபக்கமும் நியாயம் என்று மழுப்பாதே. அவள் பொய் சொல்லவில்லை என்று எழுது. ஆதாரம் கேட்டால் உன் மாமாவைச் சொல். அந்த மாட்டுவண்டி விஷயத்தில் நிரூபிக்க முடியாது என்று நீ எழுதத்தான் வேண்டும், அது உன் தொழில். ஆனால் நீயாவது அவன் வந்து சேர்ந்தான் என்று நம்பு. அங்கே குளிர்காலத்தில் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு ரசமாவது வை. கல்யாணத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. யாரையாவது கட்டிக்கொண்டால் எனக்கு முன்கூட்டியே சொல், அது போதும்.

இன்று காலை போஸ்ட் ஆபிஸுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தது நம் தமிழ்ப் பெண். உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆன்டி, உள்ள என்ன? டோக்குமென் ஆ?" என்றாள்.

"பையனோட பெர்த் சர்டிபிகேட்மா."

"ஐயோ, ஒரிஜினலா? எக்ஸ்பிரஸ்ல போடுங்க ஆன்டி, அதுதான் சேஃப்." ஜெர்மனி விலாசத்தைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பையனுக்கு அங்க மேரேஜா?"

"ஆமாம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

"கங்கிராட்ஸ் ஆன்டி!" என்றாள். நானும் சிரித்து, தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தேன். மோனோரயில் பாலத்துக்குக் கீழே வந்ததும் நடக்க முடியவில்லை. பூக்கடை அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார்.

ஆக, அனுப்பிவிட்டேன், தம்பி. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே அது உன்னிடம் வந்து சேரும். கையெழுத்துப் போடுகிற அன்று எனக்குச் சொல்லாதே. எல்லாம் முடிந்தபிறகு சொன்னால் போதும். முடிந்ததும் ஒருமுறை வா. இனி நீ வெளிநாட்டுக்காரன் வரிசையில்தான் வர வேண்டும். அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே போனில் விவரங்களை நிரப்ப வேண்டுமாமே, நேற்று அதை நானே திறந்து பார்த்தேன். எந்த நாட்டவர், எதற்காக வருகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்றெல்லாம் கேட்கிறது. எங்கே தங்குவீர்கள் என்ற இடத்தில் ஹோட்டல் என்று ஒன்று இருக்கிறது, நண்பர் அல்லது உறவினர் வீடு என்று ஒன்று இருக்கிறது, மற்றவை என்று ஒன்று இருக்கிறது. நீ உறவினர் வீடு என்பதைத் தட்டிக்கொள். சொந்த வீடு என்று ஒன்று இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டேன், தம்பி. இல்லை.

அம்மா